என் கால் பிரேக்கில் இல்லை

"பிரேக் மேல காலை வெச்சிக்கினே ஓட்றம்மா நீ. அதான் இப்டி ஆவுது."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் இதைச் சொன்னபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த கிரீஸைப் பழைய பனியன் துணியில் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற என் மூத்தாரைப் பார்த்துச் சொன்னார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். வண்டி என்னுடையது. ஓட்டுவது நான். நடுரோட்டில் நின்று ஊரார் வாயில் விழுந்ததும் நான்தான். பதில் மட்டும் அவருக்குப் போயிற்று. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

என் காலைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்த கால் அது. அங்கே இருப்பதெல்லாம் கரண்ட் மெஷின். பெடலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் ஊசி விரலில் இறங்கிவிடும். எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை என் கால் யோசித்துச் செய்வதில்லை. அது பாட்டுக்குச் செய்யும். அந்தக் காலைப் பார்த்துத்தான், பிரேக் எது, வெறும் பலகை எது என்று தெரியாத கால் என்றார்கள்.

எங்கள் ஊரிலிருந்து கம்பெனிக்கு நேரே போகிற பஸ் காலையில் ஒன்றுதான். அது வந்தாலும் வரும், வராமலும் போகும். வராத நாளில் கேட்டுக்கு வெளியே நின்று, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, அரைநாள் கூலியை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எனக்கு அது அலுத்துவிட்டது. வேலையை விட்டேன். கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் டாக்ஸி போர்டு போட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். லைசென்ஸ் எடுத்தேன். எங்கள் காலனித் தெருவில் சொந்தமாக ஒரு கார் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. எங்கள் மாமனார் காலத்தில் ஊர்த்தெருவில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகக்கூட யோசிப்பார்களாம். நான் அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் போனேன். வேறு வழியும் இருந்தது. நான் போகவில்லை.

என்னோடு தைத்த பெண்களே இப்போது என் வண்டியில் வந்தார்கள். காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவேன். நடுவில் ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று ஏதாவது சவாரி கிடைக்கும். ஒரு வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிற்று.

தீபாவளி கழிந்ததும் ஆரம்பித்தது தலைவலி. காலையில் எடுக்கும்போது வண்டி பூ மாதிரி கிளம்பும். பாதித் தூரம் போனதும், ஏதோ பின்னாலிருந்து கட்டி இழுப்பதுபோல் கனக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இரைச்சல்தான் வரும், வேகம் வராது. பிரேக் பெடலைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி மேலேயே நிற்கும். முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. கடைசியில் வண்டி தானாக நின்றுவிடும். இறங்கி, வேப்ப மரமோ புளிய மரமோ பார்த்து உட்கார்ந்திருந்தால், சூடு ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது அது ஆறித்தான் இருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிக் காட்டுவார். ராட்டினம் மாதிரி சுற்றும்.

"இன்னாம்மா, நல்லாத்தான கீது?"

முதல் தடவை பிரேக் பேட் மாற்றினார். நாலு நாள் ஓடி மறுபடி நின்றது. அடுத்து முன் சக்கரத்து பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குள் இருந்த ரப்பரை மாற்றினார். மறுபடி நின்றது. மாற்றுவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் வேறு எதுவும் இல்லாதபோதுதான் என் காலைப் பிடித்தார். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஓட்டுகிறவர் பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டினால் சரியாக இதேதான் நடக்கும். சூடு ஏறும், வாடை வரும், வண்டி கனக்கும். ஆண்பிள்ளை ஓட்டிவந்து இதைச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு இடத்தைக் கழற்றிப் பார்த்திருப்பார். பொம்பளை என்றதும் வேலை சுலபமாக முடிந்துவிட்டது.

மாமியார் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். சென்னையில் கட்டட வேலை செய்யும் என் வீட்டுக்காரர் போனில், "மெக்கானிக்கே சொல்றாரு, நீ இன்னாத்துக்கு எகிர்ற? காலைக் கொஞ்சம் பாத்து வெய்யேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் ஒருநாள் சாயங்காலம், திரும்பி வருகிற வழியில், ஆளில்லாத நேர் ரோட்டில் வண்டி கனக்க ஆரம்பித்ததும் நியூட்ரலில் போட்டேன். செருப்பை உதறிவிட்டு இரண்டு காலையும் தூக்கி சீட்டில் மடக்கி வைத்துக்கொண்டேன். இடுப்பு வலிக்கிறதா என்று பக்கத்து சீட்டில் இருந்த கம்பெனி அக்கா கேட்டார். வண்டி பத்தடி போவதற்குள் யாரோ மூக்கணாங்கயிறு பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. காலை மடக்கி உட்கார்ந்தபடியே நான் சிரித்தேன். பின்னால் இருந்த பெண்களுக்கு எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பயம்.

அந்த அக்கா ஊருக்கு வந்து மூத்தாரிடமே சொன்னார். "காலு ரெண்டும் சீட்டு மேல கீது. வண்டி தானா நின்னுப்போச்சு. நான் பாத்தேன்."

"ஆமா, பெரிய சாட்சி. உனுக்கு பிரேக்கு எதுன்னு தெரியுமா?" என்றார் மூத்தார். அவர் பண்ணை டிராக்டர் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் வண்டி, இன்ஜின் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம்.

அப்புறம் அந்தப் பாலம். பழையசீவரத்துக்கு முன்னால் பாலாற்றைத் தாண்டும் பாலத்தின் நடுவில், காலை நேரத்தில், ஆள் நிறைந்த வண்டியோடு நின்றுவிட்டேன். பின்னால் ஜல்லி லாரி. அவன் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, என் டிக்கியைத் தொடுகிற தூரத்தில்தான் நிறுத்தினான். பின்சீட்டுப் பெண்களில் ஒருத்தி அழுதாள்.  லாரிக்காரன் இறங்கிவந்து, "வூட்ல அடுப்பு எரியலியா?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் மூத்தார் வீட்டுக்குள் வந்தார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொம்பளைங்க உயிரு வெளையாட்டு கெடையாது. வர மாசத்துலேர்ந்து தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஓட்டுவான். சம்பளம் குடுத்துக்கலாம். வண்டி உன்னுதாவே இருக்கட்டும்."

வண்டி என்னுதாவே இருக்கட்டுமாம். எவ்வளவு பெரிய மனசு! வண்டி என் பேரில் வாசலில் நிற்கும். அதே வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து நான் மறுபடி கம்பெனிக்கு மெஷின் மிதிக்கப் போவேன். எனக்கு வேண்டியிருந்தது வண்டி இல்லை. ஓட்டுகிற சீட்டு. அதை யாரிடமாவது விளக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்கு பஸ்ஸில் போனேன். வாரத்தில் ஒருநாள் அவர் ஸ்பேர் வாங்க வாலாஜாபாத் போவது எனக்குத் தெரியும்.

"அண்ணே, இந்த வாட்டி என் வண்டியில போங்க. நீங்களே ஓட்டுங்க. சாவிய எங்க மூத்தாரு மாமாகிட்ட நீங்களே வாங்கிக்குங்க. உங்க கால்ல ஓடி வண்டி நிக்காம போயி சேந்துச்சின்னா நான் அப்புறம் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். பழைய வண்டி. அதற்கு என் மேல் என்ன பாசம்? அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடித் தொலைத்தால் என் கதை முடிந்தது.

அன்றைக்குப் பார்த்து அது ஒழுங்காகத்தான் ஓடிற்று. மெக்கானிக் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. நான் பக்கத்து சீட்டில். பின்னால் வழக்கமான பெண்கள். ஓட்டிக்கொண்டே பாடம் வேறு எடுத்தார். "பாரும்மா, என் காலு எங்க கீது பாரு. வேணும்னா மட்டும் பிரேக்கு. மத்த நேரம் எடுத்துறணும்." ரோடு காலியாக இருந்தது. அவருக்கு பிரேக்கைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை. ஏரிக்கரை தாண்டினோம். பாலம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாலத்தையும் தாண்டிவிட்டோம். பின்னால் இருந்த அக்கா என் தோளில் கை வைத்தார். துக்க வீட்டில் வைப்பதுபோல் இருந்தது அது.

பழையசீவரம் தாண்டி லாரிகள் வரிசை கட்டி நின்றன. என்ன காரணமோ தெரியாது, கோடி புண்ணியம் அவர்களுக்கு. நகர்வதும் நிற்பதும், நகர்வதும் நிற்பதுமாக மெக்கானிக் பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தார். வரிசை கலைந்ததும் கியரை மாற்றி ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இன்ஜின் இரைந்தது. வண்டி முனகியது. அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த கையை உள்ளே எடுத்துக்கொண்டார். இன்னும் அழுத்தினார். எனக்குப் பழக்கமான அந்தக் கருகல் வாடை வந்தது. வாழ்க்கையில் எந்த மல்லிகைப்பூ வாடையும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

"அண்ணே, பிரேக்லேர்ந்து காலை எடுங்க" என்றேன்.

"காலு பிரேக்ல இல்லம்மா!"

அவர் கத்தினார். பின்னால் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் வண்டி ஓரமாக ஒதுங்கி, தானாக நின்றது.

நல்லவேளையாக டூல்ஸ் பை அவரோடு இருந்தது. இந்தத் தடவை ஆற விடவில்லை. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைச் சுற்றினார், அசையவில்லை. சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் சின்ன நிப்பிளை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தினார். பிரேக் ஆயில் பீச்சியடித்தது. அடுத்த நொடி சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே முதல் தடவையாக என்னைப் பார்த்து விளக்கினார். மிதிக்கும்போது போகிற ஆயில், காலை எடுத்ததும் திரும்பி வர வேண்டும். இங்கே போகிறது, வரவில்லை. மேலே, மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஏதோ வழியை அடைக்கிறது. சூடு ஏற ஏற அடைப்பு இறுகுகிறது. ஆறினால் விடுகிறது.

பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் இருந்த ரப்பர் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பி நெளிந்திருந்தது. மறுபடி மூடிக்குள் அது உட்காரவே இல்லை.

"இதுல இன்னா ஊத்துன நீ?"

பாருங்கள், அப்போதும் நான்தான்.

"நான் இந்த மூடியைத் தொட்டதே கெடையாது. காலை வெச்சதும் நானு, ஆயிலை ஊத்துனதும் நானா?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அவர் என் தண்ணி பாட்டிலை வாங்கி, டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அதில் விட்டுக் குலுக்கினார். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடுமாம். இது முழுசாகக் கரையவில்லை. கொஞ்சம் கரைந்தது போக, மீதி ரசத்தில் மிதக்கிற எண்ணெய் மாதிரி மேலே வந்து நின்றது. வேறு ஏதோ எண்ணெய் கலந்திருக்கிறது, அதில் ஊறித்தான் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் வீங்கிவிட்டது என்றார்.

நான் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாடை எனக்குத் தெரியும். தினமும் எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற காக்கிச் சட்டையின் வாடை. டிராக்டர் ஆயில்.

ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பூஜைக்கு நிற்கிற எதுவும் குறையாக நிற்கக் கூடாது. குடத்தில் தண்ணீர் தளும்ப வேண்டும், படியில் நெல் கோபுரமாக நிற்க வேண்டும், வண்டி என்றால் பெட்ரோல், தண்ணி, ஆயில் எல்லாம் கழுத்து வரை இருக்க வேண்டும். அந்தச் சடங்கு மூத்தாருடையது. டிராக்டர், பைக், என் கார் எல்லாவற்றையும் வரிசையாகக் கழுவி நிறுத்தி, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து பார்த்து ஊற்றிக்கொண்டு வருவார். என் காரில் பிரேக் டப்பா விரல்கடை குறைவாக இருந்திருக்கும். பேட் தேயத் தேய அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதைக் குறையோடு விட அவருக்கு மனசு வரவில்லை.

பெண்கள் ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போனார்கள். நாங்கள் வழியில் அங்கங்கே நிறுத்தி நிப்பிளைத் தளர்த்திக்கொண்டே ஊர்வலம்போல் ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் மூத்தார் காத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இறங்கினார், நடந்ததைச் சொன்னார், சொல்லிக்கொண்டே சாவியை அவர் கையில் கொடுத்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன். தன் காலாலேயே அனுபவித்துவிட்டு வந்த மனுஷன், சாவியை மட்டும் பழையபடி அவரிடமே கொடுக்கிறார்.  எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாட்டிலை மூத்தார் முன்னால் நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். வேறு எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

"பூஜை அன்னிக்கி ஊத்துனேன். டிராக்டர்ல அந்த ஆயில்தான் பெரிய பெரிய கலப்பையத் தூக்குது. இத்தினிக்கூண்டு பிரேக்குக்கு ஆவாதா?" என்றார். பாட்டிலை மூடிக்கொண்டே, "கொறையா வெச்சி பூஜை போடச் சொல்றியா?" என்றும் கேட்டார்.

"ஊத்துனது தப்புன்னு நான் சொல்லல மாமா. தெரியாம ஊத்திட்டீங்க. வண்டி நின்னப்போ அத்தினி பேரும் என் காலைத்தானே பாத்தீங்க? ஒருத்தராச்சும் அந்த மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

தெருவே கேட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாவி அவர் பையோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் புது ரப்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். அவராகத்தான் வந்தார், கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை கழற்றிக் கழுவி, ஊறிப்போன ரப்பரையெல்லாம் மாற்றினார். கடைசியில் புது ஆயில் ஊற்றிக் குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மூன்று பேர் வேண்டும். மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார். மூத்தார் பானெட் பக்கம் நின்றார். புது ஆயில் டப்பாவின் மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மெக்கானிக்கிடம் இரண்டு தடவை காட்டிக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஆள் இல்லை. யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"மெறிம்மா... இன்னும் மெறி... அப்டியே புடி. காலை எடுக்காத. நான் சொல்றவரைக்கும் எடுக்காத."

கீழே இருந்து மெக்கானிக் கத்தினார். மிதித்தேன், பிடித்தேன், விடச் சொன்னபோது விட்டேன். ஒரு தடவைகூட முந்தவில்லை, பிந்தவில்லை. முதலில் காலடியில் பஞ்சு மாதிரி இருந்த பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திடப்பட்டு வந்தது. இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலு சக்கரமும் முடிந்ததும் மெக்கானிக் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயி பாத்துறலாம். சாவி எங்க?"

மூத்தார் பையிலிருந்து சாவியை எடுத்தார். டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்து, அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்குவேன், தான் ஏறி ஓட்டலாம் என்று. தெரு முழுக்க அப்படித்தான் நினைத்து நின்றது.

நான் இறங்கவில்லை. கதவை அவர் கையிலிருந்து இழுத்து மூடினேன். கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டினேன். அவரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டிருந்தேன், வலித்த பிறகும் மடக்கவில்லை. கடைசியில் உள்ளங்கையில் சாவி விழுந்தது.

"ஓரமா நில்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.